கேஸ் எங்கே போகிறது?

காரின் ஏசி கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. பெட்ரோல் எரிந்து தீரும். பிரேக் பேட் தேயும். என்ஜின் ஆயில் ஓட ஓடக் கெடும். ஏசி கேஸுக்கு இந்த மூன்றும் கிடையாது. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. ஓரிடத்தில் திரவமாகிறது, இன்னோரிடத்தில் ஆவியாகிறது, மறுபடி திரவமாகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது என்று பொருள். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற இந்த விஷயத்தை ஏற்றுக்கொள்கிற ஓர் ஒர்க்‌ஷாப்பைத் தேடி இந்தக் கோடை முழுக்க அலைந்திருக்கிறேன்.

"சார், கேஸ் கம்மியாயிருச்சு. அடிச்சுட்டா ஜில்லுனு ஆயிரும்."

சித்திரை பிறந்துவிட்டால் வண்டியை எந்த ஷெட்டில் விட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். நீல டப்பாவோ வெள்ளை சிலிண்டரோ வருகிறது, ஹோஸை மாட்டுகிறார்கள், பத்து நிமிஷத்தில் ஜில்லென்று காற்று வருகிறது, இரண்டாயிரத்துக்குக் கிட்டக் கொடுத்துவிட்டு வருகிறோம். சில வாரங்களில் பழையபடி ஃபேன் காற்று. திரும்பப் போய்க் கேட்டால், "வெயில் ஜாஸ்தி சார்" என்கிறார்கள். சென்னையில் வெயில் ஜாஸ்தி என்பது புதுச் செய்தியா? 2003 மே 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த வெயிலைத் தாங்கத்தானே ஏசி?

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டுக் கார் ஊர் சுற்றுகிற கார் அல்ல, அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற கார். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு என்பது அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். நாவறண்டால் நாம் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிடுவோம். அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட வேண்டும். நான்கு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்து, நண்பகலில் கத்திப்பாராவில் நகராத வரிசையில், சூடான காற்றை ஊதும் ஒரு காருக்குள் உட்கார்ந்திருப்பது அவருக்கு எப்படி இருக்கும்? "பரவாயில்லப்பா, கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விடு" என்பார். எறக்கினால் பஸ் புகையும் தார்ச்சூடும் உள்ளே வரும். ஏசியை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் அந்த நேரத்தில் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் போன ஷெட்டில் கேஸ் அடித்தார்கள். எவ்வளவு அடித்தீர்கள் என்று கேட்டேன். "ஃபுல்லா அடிச்சாச்சு சார்" என்றார் பையன். ஃபுல் என்பது எத்தனை கிராம்? அவருக்குத் தெரியவில்லை. பானெட்டின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அதில் அச்சிட்டிருக்கும். பெரும்பாலான சின்னக் கார்களில் அது அரைக் கிலோவை ஒட்டி, சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்த ஸ்டிக்கரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேஜ் முள்ளைப் பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், டேஷ்போர்டில் கையை நீட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் அளவு.

கேஜைப் பார்ப்பது தப்பா என்று கேட்கலாம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அழுத்தம் வேறு, அளவு வேறு. வீட்டுச் சமையல் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் சிலிண்டர் இருக்கும்போதும் கால் சிலிண்டர் இருக்கும்போதும் அடுப்பில் சுடர் ஒரே மாதிரிதான் எரிகிறது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெயில்தான், மிச்சமுள்ள எடை இல்லை. அதனால்தான் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம், டெலிவரி ஆளிடம் எடை போட்டுக் காட்டச் சொல்கிறோம். கார் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸும் அதே மாதிரிதான். 35 டிகிரி சூட்டில் என்ஜின் அணைந்திருக்கும்போது கேஜில் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். முழு அளவு இருந்தாலும் அதுதான், நூற்றைம்பது கிராம் குறைந்திருந்தாலும் அதுதான். ஏசியை ஓட விட்டுப் பார்த்தால் முள் இன்னும் நிறையச் சொல்லும், ஆனால் அதுவும் வெயிலுக்கும் என்ஜின் வேகத்துக்கும் காற்றின் ஈரத்துக்கும் தகுந்தபடி ஏறி இறங்கும். உள்ளே எத்தனை கிராம் இருக்கிறது என்று தெரிய ஒரே வழி, இருப்பதை மெஷினில் உறிஞ்சி எடுத்து எடை போட்டு, பிறகு ஸ்டிக்கரில் சொன்ன அளவைத் தராசில் வைத்து ஏற்றுவது. காய்கறிக் கடையில்கூட எலக்ட்ரானிக் தராசு இருக்கிற காலம் இது. ஏசி ஷெட்டில் இல்லை.

கூடுதலாக அடித்தால் இன்னும் ஜில்லென்று இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. "நல்லா டைட்டா அடிச்சு விடுப்பா" என்று கஸ்டமரே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அளவுக்கு மேல் போனால் முன்னால் ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் கண்டென்சரில் திரவம் தேங்கி, சூட்டை வெளியே தள்ள இடம் போதாமல் அழுத்தம் எகிறும், கூலிங் குறையும், கம்ப்ரசர் திணறும். குறைந்தாலும் குளிராது, கூடினாலும் குளிராது. குத்துமதிப்புக்கு இதில் இடமே இல்லை.

இன்னொரு கொடுமை, குளிர் வரவில்லை என்றாலே கேஸ்தான் என்ற தீர்மானம். கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள் பல இருக்கின்றன. ஜிஎஸ்டி சாலையில் எழுபதில் போகும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் சூடானால் முதலில் பார்க்க வேண்டியது கண்டென்சர் ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேன் வேலையைச் செய்துவிடுகிறது, நின்றால் ஃபேன்தான் கதி. காற்றே குறைவாக வருகிறது, ஆனால் வருகிற காற்று குளிர்ச்சிதான் என்றால் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். புழுதியும் இலைச் சருகும் அடைத்துக்கொண்டு கறுப்பாக இருக்கும். சில நூறு ரூபாய், சில நிமிஷ வேலை. ஹீட்டர் கதவு முழுதாக மூடாமல் கிடந்தால் கூலிங் காயில் குளிர வைத்த காற்றை ஹீட்டர் சுடவைத்து அனுப்பும். என்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து வைத்தாலே தெரிந்துவிடும். கடற்கரை ஊர்க்காரர்களின் கண்டென்சர் இதழ்கள் உப்புக்காற்றில் பொரிந்து உதிரும். வாட்டர் சர்வீஸ் செய்கிறேன் என்று பிரஷர் கன்னை நேரே வைத்து அடித்து அந்த இதழ்களை மடக்கிவிட்டால் காற்று உள்ளே நுழையாது. எலி வயரைக் கடித்தாலும் கம்ப்ரசர் கிளட்ச் ஒட்டாது. இத்தனைக்கும் ஒரே மருந்து கேஸா?

இரண்டாவதாகப் போன இடம் பெரிய இடம். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், டை கட்டிய அட்வைசர். அங்கே வேறு பாட்டு. "கம்ப்ரசர் வீக் ஆயிருச்சு சார், மாத்திடலாம்." எஸ்டிமேட்டைப் பார்த்ததும் நெஞ்சை அடைத்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன். "டெக்னீஷியன் செக் பண்ணிட்டாரு." கேஜ் ரீடிங் என்ன? எழுதி வைக்கவில்லை. லீக் பார்த்தீர்களா? "கேஸ் அடிச்சா தெரிஞ்சுரும் சார்." கேஸ் அடித்தால் எப்படித் தெரியும்? ஓடிப்போன பிறகுதானே தெரியும்! அதுவரைக்கும் என் பணமும் போய், கேஸும் போய், அம்மாவுக்கு இன்னும் சில வாரம் வெக்கையில் பயணம். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கம்ப்ரசர் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. போகும். ஆனால் அது போவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கேஸ் அடிக்கிற வழக்கம்தான். கம்ப்ரசருக்குத் தனியாக ஆயில் தொட்டி கிடையாது. அதற்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றி வருகிறது. கசிகிற இடத்தில் கேஸோடு எண்ணெயும் வெளியேறும். எண்ணெய் ஊற்றாமல் கேஸை மட்டும் திரும்பத் திரும்ப ஏற்றினால் கம்ப்ரசர் வறண்டு ஓடித் தேயும். கேஸ் மிகவும் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்திக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு பிரஷர் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதையும் நம் ஆட்கள் சிலர் வயரை ஒட்டுப்போட்டு டைரக்ட் கொடுத்துவிடுகிறார்கள், "இப்ப ஓடுது பாருங்க சார்" என்று காட்டுவதற்காக. ஓடும்தான். உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசி, பொடி பொடியாகக் குழாயெல்லாம் பரவும். பிறகு கம்ப்ரசரோடு கண்டென்சரும் டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் மாற்ற வேண்டிவரும். முப்பது ரூபாய் ஓ-ரிங்கில் முடிந்திருக்க வேண்டிய வேலை அப்படித்தான் முப்பதாயிரத்துக்கு ஏறுகிறது.

கடைசியில் ஒரு சின்ன ஷெட்டில் ஒரு பெரியவர் கிடைத்தார். அவர் முதலில் கேட்டதே எனக்குப் பாதி நம்பிக்கையைத் தந்தது. "ஒரேயடியா போச்சா தம்பி, கொஞ்சம் கொஞ்சமா போச்சா?" கொஞ்சம் கொஞ்சமாக என்றேன். "அப்ப தேடணும். அரை நாள் ஆகும், கூலி கேப்பேன்" என்றார். எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் அண்ணே, தேடுங்கள் என்றேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இணைப்பு இணைப்பாகப் பார்த்தார். எங்கே எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டியிருக்கிறதோ அங்கே சந்தேகம். கேஸ் ஏற்றுகிற வால்வின் மூடியைக் கழற்றி அந்தப் பின்னில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தார். மிச்சமிருந்த கேஸை உறிஞ்சி எடுத்த பிறகு நைட்ரஜன் ஏற்றினார். வெறும் கம்ப்ரசர் காற்றை ஏற்றினால் ஈரமும் கூடவே போகும், நைட்ரஜன் உலர்ந்தது என்று விளக்கினார். முன்பக்கக் குழாய்களில் எங்கும் குமிழ் வரவில்லை. முள் மட்டும் மெல்ல இறங்கியது. அப்போது வண்டிக்கு அடியில் குனிந்து, ஏசித் தண்ணீர் சொட்டுகிற ரப்பர் குழாயின் வாயில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரலில் எண்ணெய். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை. கசிந்த எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து அந்த வழியாக இறங்கியிருக்கிறது. இவ்வளவுதான். விலையுயர்ந்த எந்த ஸ்கேனரும் இதற்குத் தேவைப்படவில்லை. பொறுமையும், அது எங்கேயோ போயிருக்க வேண்டும் என்ற எண்ணமும்தான் தேவைப்பட்டன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்த எண்ணம் ஏன் யாருக்கும் வரவில்லை?

டேஷ்போர்டு முழுவதையும் இறக்கித்தான் காயிலை மாற்ற வேண்டியிருந்தது. கூலி அதிகம்தான். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தேன். மாட்டிய பிறகு வேக்குவம் பம்பை முக்கால் மணி நேரம் ஓடவிட்டார். உள்ளே அழுத்தம் இறங்க இறங்க, தேங்கியிருக்கும் ஈரம் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் உள்ளேயே தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். பம்பை நிறுத்திவிட்டு முள் ஏறுகிறதா என்று டீ குடிக்கும் நேரம் காத்திருந்தார். ஏறவில்லை. அதன் பிறகுதான் தராசை எடுத்தார். பத்து நிமிஷத்தில் டப்பாவை மாட்டி அனுப்புகிற இடங்களில் இந்த வேக்குவத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பெரியவரிடம் கேட்டேன், மற்றவர்கள் ஏன் தேடுவதில்லை என்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "தேடுறதுக்குக் காசு கேட்டா கஸ்டமர் வண்டிய எடுத்துட்டுப் போயிருவாங்க தம்பி. பக்கத்து ஷெட்ல ஆயிரத்தி ஐநூறுக்கு அடிச்சு விடுவான்." இதில் நியாயம் இருக்கிறது. கண்டுபிடிக்கிற மூளைக்கு நாம் காசு கொடுக்க மாட்டோம்; கண்ணால் பார்க்கிற டப்பாவுக்குக் கொடுப்போம். அப்படிப்பட்ட கஸ்டமர்களை வைத்துக்கொண்டு மெக்கானிக் எத்தனை நாள் நேர்மையாக இருப்பார்? அந்தக் கஸ்டமர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது. அவர்களிடம் மெஷின் இருக்கிறது, படித்த ஆள் இருக்கிறார், கேட்ட கூலியைக் கொடுக்கிற கஸ்டமரும் இருக்கிறார்.

ஓடிப்போகிற கேஸ் என்ன ஆகிறது என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்தது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதை உலகமே படிப்படியாகக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,300 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சின்னக் காரின் முழு கேஸும் வெளியேறினால் ஏறக்குறைய 250 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு ஈடு. ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு தெருவிலும் இதை அடித்து அடித்து ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டு, வெயில் ஜாஸ்தி என்கிறோம்.

ஐரோப்பாவில் 2006-ல் கார் ஏசிக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வழக்கத்துக்கு மாறான அளவில் கேஸ் கசிந்திருந்தால், பழுதைச் சரிசெய்து முடிக்கும் வரை மறுபடி இந்த வகை கேஸை ஏற்றக் கூடாது என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பல வருஷம் ஓடிய வண்டியில் ரப்பர் ஹோஸ் வழியாகச் சில கிராம் குறைவது இயல்பு, அதற்கு மேல் போனால் முதலில் ஓட்டையை அடை என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் இந்தக் கேஸைத் தெரிந்தே காற்றில் திறந்துவிடுவது 1995 முதல் சட்டப்படி குற்றம். நம் நாடும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கிகாலி திருத்தத்தை 2021-ல் ஏற்றிருக்கிறது. இந்த வகை கேஸ்களை 2032 முதல் குறைக்கத் தொடங்கி 2047-க்குள் 85 சதவீதம் குறைக்கவேண்டும் என்பது கணக்கு. அதெல்லாம் பெரிய கணக்கு. நான் கேட்பது சின்னது. பில்லில் "ஏசி கேஸ் - 1" என்று போடாமல், எத்தனை கிராம் எடுத்தோம், எத்தனை கிராம் ஏற்றினோம், எங்கே கசிந்தது என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் தராசு தானாக வந்துவிடும்.

கால் டாக்ஸி ஓட்டுகிற தம்பிகளை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. ஏசி போடவில்லை என்று பயணி சண்டை போடுகிறார், ஸ்டார் குறைக்கிறார். அந்தத் தம்பியோ தன் கைக்காசில் கேஸ் அடித்து, அது மாதக் கடைசிக்குள் ஓடிப்போய், மறுபடி அடிக்கக் காசில்லாமல் நிற்பவராக இருக்கலாம். அவருக்கு ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் போச்சு. அரை நாள் உட்கார்ந்து லீக் தேடு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் ஒருமுறை தேடியிருந்தால் அவருக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

இப்போது லாரிகளுக்கும் ஏசி வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. மனதார வரவேற்கிறேன், என்ஜின் சூட்டுக்கு மேலேயே உட்கார்ந்து நாட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போகிறவர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும். ஆனால் கார் ஓடுவதைப் போலவா லாரி ஓடுகிறது? குலுக்கலில் இணைப்புகள் தளரும், கண்டென்சரில் கல் அடிக்கும், புழுதி அப்பும். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த லாரிகள் "கூலிங் வரல" என்று நாமக்கல், சங்ககிரிப் பட்டறைகளில் வந்து நிற்கும். அங்கேயும் டப்பாவும் ஹோஸும் மட்டும் இருந்தால் கட்டாய ஏசி அந்த இரண்டு மூன்று வருஷக் காற்றுதான். மறுபடி அந்த டிரைவர் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். ஐடிஐகளில் ஏசி டெக்னீஷியன் படிப்பும் இருக்கிறது, மோட்டார் மெக்கானிக் படிப்பும் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளின் கையில் நைட்ரஜன் சிலிண்டரையும் வேக்குவம் பம்பையும் தராசையும் இப்போதே கொடுங்கள். ஏற்கெனவே பட்டறை வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு ஒரு வாரம் சம்பளத்தோடு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பெரியவரைப் போன்றவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களையே வாத்தியாராக வையுங்கள்.